நிக்கல் சிக்கற்சேர்வை, தண்ணீர், யூரியா: மின்வாயில் உண்மையில் வேலை செய்வது எது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு நிக்கல் சிக்கற்சேர்வையை (நடுவில் நிக்கல் அயன், அதைச் சுற்றிப் பிடித்திருக்கிற மூலக்கூறுகளுக்குப் பெயர் இணையி) தயாரித்து, அதை நிக்கல் ஃபோம் என்ற பஞ்சுபோன்ற நிக்கல் உலோகத்தில் பூசி, 1 மோலார் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் இறக்கி மின் கொடுத்திருக்கிறீர்கள். ஒட்சிசன் குமிழி வந்தது. 0.33 மோலார் யூரியா சேர்த்ததும் இன்னும் குறைந்த மின்னழுத்தத்திலேயே மின்னோட்டம் ஏறியது. ஆகவே "தண்ணீரையும் பிளக்கும், யூரியாவையும் ஒட்சியேற்றும் மூலக்கூற்று ஊக்கி", அதாவது மூலக்கூறாகவே நின்று தாக்கத்தை வேகப்படுத்துகிற பொருள், என்று அறிக்கையில் எழுதலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, யாழ்ப்பாணத்துக் கழிவுநீரில் இருக்கிற யூரியாவிலிருந்து ஐதரசன் எடுத்து எரிபொருளாக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் கிடக்கிற கேள்வி ஒன்றுதான்: நீங்கள் பூசிய அந்த மூலக்கூறு மின்வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறதா, இல்லை அது உடைந்து வேறொரு பொருளாக மாறி, அந்தப் பொருள்தான் வேலை செய்கிறதா? கையில் இருக்கிற தரவை மட்டும் வைத்து "மூலக்கூற்று ஊக்கி" என்று எழுத ஏலாது. எழுதக்கூடிய நிலைக்கு எப்படிக் கொண்டுபோகலாம் என்பதைத்தான் கீழே சொல்கிறேன். நான் மின்னிரசாயன ஆய்வுகூடத்தில் பல வருடம் மின்வாய்களோடு மல்லுக்கட்டியவன். இணையிகளைத் தொகுத்துத் தந்தவர்கள் வேறு ஆட்கள். ஆகவே அளவீடு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், தொகுப்பு பற்றிச் சொல்வதை உங்கள் மேற்பார்வையாளரோடு ஒருமுறை கதைத்துவிட்டு எடுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. தண்ணீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்க 25 பாகை செல்சியசில் குறைந்தது 1.23 வோல்ற் வேண்டும், இதை எந்த ஊக்கியாலும் குறைக்க முடியாது. அதற்கு மேலே நாங்கள் கொடுக்க வேண்டியிருக்கிற மிகையழுத்தத்தை மட்டும்தான் ஊக்கி குறைக்கும். அந்த மிகையழுத்தத்தின் பெரும்பங்கு ஒட்சிசன் பக்கத்தில்தான் போகிறது. ஐதரசன் வருகிற மின்வாயான கதோட்டில் இரண்டு இலத்திரன் சேர்ந்தால் ஒரு ஐதரசன் மூலக்கூறு வந்துவிடும், ஒட்சிசன் வருகிற அனோட்டிலோ நாலு இலத்திரனையும் நாலு புரோத்தனையும் கழற்றி, இரண்டு ஒட்சிசன் அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அந்த அனோட்டு வேலைக்குப் பதிலாக யூரியாவை ஒட்சியேற்றினால் கணக்குப்படி முழுக் கலத்துக்கும் 0.37 வோல்ற் போதும். ஓஹையோ பல்கலைக்கழகத்தில் ஜெரார்டின் பொட்டேயின் குழு 2009 இல் மலிவான நிக்கல் மின்வாயில் யூரியாவை மின்பகுத்து ஐதரசன் எடுத்துக் காட்டிய பிறகுதான் இந்தத் துறை சூடுபிடித்தது. ஆனால் இந்த 0.37 ஐப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது வெப்ப இயக்கவியல் சொல்கிற எல்லை. நிக்கலில் நடைமுறையில் யூரியா ஒட்சியேற்றம் தொடங்குவது, மீள் ஐதரசன் மின்வாய் என்ற ஒப்பீட்டு அளவுகோலுக்கு எதிராக ஏறத்தாழ 1.35 வோல்றுக்குப் பிறகுதான். ஏன் சரியாக அந்த இடத்தில் என்பதுதான் உங்கள் கேள்விக்கான திறப்பு, அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

"மூலக்கூற்று ஊக்கி" என்ற சொல்லின் ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது இயற்கையிடமிருந்து வந்தது. ஐதரசனேசு நொதியங்களில் ஒரு வகை நிக்கலையும் இரும்பையும், இன்னொரு வகை இரும்பை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டு புரோத்தனை ஐதரசனாக்கும். இந்த நொதியங்களைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் பசுபிக் நோர்த்வெஸ்ட் தேசிய ஆய்வுகூடத்தில், நிக்கலைச் சுற்றிப் பொசுபரசு இணையிகளையும் பக்கத்தில் தொங்குகிற அமைன் கூட்டங்களையும் வைத்து ஒரு சிக்கற்சேர்வை செய்தார்கள். அந்த அமைன் புரோத்தனை வாங்கி நிக்கலுக்குக் கைமாற்றிக் கொடுக்கும். 2011 இல் வெளியான முடிவில், ஒரு நிக்கல் மையம் வினாடிக்கு 100,000 இற்கும் மேற்பட்ட ஐதரசன் மூலக்கூறுகளைத் தந்தது. அது அசெற்றோநைத்திரைலில், அமிலம் சேர்த்து, 0.6 வோல்ற் அளவு மிகையழுத்தம் கொடுத்துக் கிடைத்த வேகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2009 இல் பிரான்சின் கிரனோபிள் குழு ஒன்று அதே குடும்பத்துச் சிக்கற்சேர்வையைக் காபன் நானோக் குழாயில் பிணைத்து, அமிலத் தண்ணீரிலேயே நீண்ட நேரம் ஓடச் செய்தது. ஆகவே கதோட்டுப் பக்கத்தில் நிக்கல் மூலக்கூறு மூலக்கூறாகவே நின்று வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கே தாழ்த்தல் நடக்கிறது, இணையி எரிந்துபோகிற சூழல் அது இல்லை.

அனோட்டுப் பக்கம் முழுக்க வேறு கதை. 1.5, 1.6 வோல்றில், கடும் காரத்தில், ஒட்சிசன் பிறக்கிற இடத்திலேயே ஒரு சேதன இணையியை நிறுத்தி வைத்திருக்கிறோம். வெப்ப இயக்கவியல்படி பார்த்தால் அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ எந்தச் சேதன மூலக்கூறும் காபனேற்றாகப் போகத்தான் விரும்பும். எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். தாவரங்களே இதற்குத் தப்பவில்லை. ஒளித்தொகுப்பில் தண்ணீரைப் பிளக்கிற இடத்தைத் தாங்கிநிற்கிற டி1 என்ற புரதம், கடும் வெயிலில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளவில் சேதமாகி, கழற்றப்பட்டு, புதிதாகப் பூட்டப்படுகிறது. இலைக்குத் தன்னைத் திருத்துகிற ஏற்பாடு இருக்கிறது, எங்கள் மின்வாய்க்கு அது இல்லை. இணையி கழன்றதும் வெளியே வருகிற நிக்கல் அயன் காரத்தில் சும்மா நிற்காது. உடனே ஐதரொட்சைட்டாக மின்வாயில் படிந்து, அழுத்தம் ஏறியதும் நிக்கல் ஒட்சிஐதரொட்சைட்டாக மாறும். அந்தப் படலமே ஒரு நல்ல ஒட்சிசன் ஊக்கி. கொஞ்சம் படிந்தாலும் போதும், முழு மின்னோட்டத்தையும் அதுவே தூக்கிவிடும். நூற்றுக்கு இரண்டு மூலக்கூறு உடைந்தால்கூட அந்த இரண்டின் எச்சம் வேலையைச் செய்ய, மீதி தொண்ணூற்றெட்டும் பெயர் வாங்கிக்கொண்டு நிற்கலாம்.

இது எனக்கே நடந்தது. பல வருடங்களுக்கு முன், நாலு நைதரசன் கொண்ட இணையி ஒன்றோடு சேர்ந்த நிக்கல் சிக்கற்சேர்வையை, செம்மஞ்சள் நிறத் தூள் அது, கரைசலில் கரைத்துக் கண்ணாடிக் காபன் மின்வாயில் சி.வி. (அழுத்தத்தைச் சுற்றுச் சுற்றாக ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைகிற அளவீடு) ஓட்டிக்கொண்டிருந்தோம். முதல் சுற்றில் சின்ன மின்னோட்டம், பத்தாவது சுற்றில் அதைவிடக் கூட, ஐம்பதாவதில் வரைபு திரையை விட்டு மேலே போய்விட்டது. எங்கள் எல்லோருக்கும் அளவில்லாத சந்தோசம். அன்றைக்குப் பின்னேரம் மின்வாயை எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, சிக்கற்சேர்வை ஒரு துளிகூட இல்லாத புதுக் காரத்தில் இறக்கினேன். அதே மின்னோட்டம், ஒரு மில்லி அம்பியரும் குறையவில்லை. மின்வாயை மேசை விளக்குக்குக் கீழே பிடித்துச் சரித்துப் பார்த்தால், கறுப்புக் கண்ணாடிபோல் இருக்க வேண்டிய முகத்தில் தேயிலைக் கறைபோல ஒரு மெல்லிய பழுப்பு. ரிஷூப் பேப்பரால் ஒருமுறை துடைத்ததும் பேப்பரில் பழுப்புப் புள்ளி வந்தது, திரும்ப இறக்கியபோது மின்னோட்டமே இல்லை. மூன்று மாத வேலை அந்தப் புள்ளியில் இருந்தது. ஒரு உண்மையையும் அதுதான் சொல்லித் தந்தது: மின்னோட்டம் சுற்றுக்குச் சுற்று வளர்ந்துகொண்டே போனால் மூலக்கூறு வலுக்கிறது என்று அர்த்தமில்லை, படலம் தடிக்கிறது என்றுதான் அர்த்தம்.

இப்போது அந்த 1.35 வோல்ற் விசயத்துக்கு வருவோம். இரட்டை நேரேற்ற நிக்கல் ஐதரொட்சைட்டு, மும்மை நேரேற்ற நிக்கல் ஒட்சிஐதரொட்சைட்டாக மாறுகிற இடம் அதுதான், 1.35 இற்கும் 1.40 இற்கும் இடையில் ஒரு உச்சியாக வரைபில் தெரியும். இதைக் கண்ணாலேயும் பார்க்கலாம்: ஒரு நிக்கல் படலத்தைக் காரத்தில் வைத்து மெதுவாக அழுத்தத்தை ஏற்றினால், வெளிறிய பச்சையாக இருந்தது கண்முன்னே கறுத்துப் போகும். கறுத்த பிறகு மின்னை நிறுத்தி, யூரியாக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றினால், அந்தக் கருமை மெல்ல மங்கும். அதாவது கறுத்த நிக்கல் யூரியாவை ஒட்சியேற்றிவிட்டுத் தான் பழையபடி பச்சைக்குத் திரும்புகிறது. பச்சையானதை மின் மறுபடி கறுப்பாக்கும், கறுப்பு மறுபடி யூரியாவைத் தின்னும். நிக்கலில் யூரியா ஒட்சியேற்றத்துக்குப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி இதுதான். யூரியா நேரடியாகவும் மின்வாயில் இலத்திரனைக் கொடுக்கிறதா, கொடுத்தால் எந்தப் பங்கு, நைதரசனும் நைதரசனும் ஒரே யூரியா மூலக்கூறுக்குள்ளேயே பிணைகின்றனவா என்பவை இன்னும் வாதத்தில் இருக்கிற விசயங்கள். கணினிக் கணிப்புகள் ஒன்று சொல்லும், சமதானிப் பரிசோதனைகள் வேறு சொல்லும். ஆனால் தொடக்க அழுத்தம் அந்த நிக்கல் உச்சியோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது என்பது உறுதி. ஆகவே உங்கள் சிக்கற்சேர்வையின் யூரியா மின்னோட்டமும் 1.35 இல்தான் தொடங்குகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் படலத்தை. வேறு இடத்தில், உதாரணமாக உங்கள் மூலக்கூறுக்கே உரிய ஒட்சியேற்ற உச்சியோடு சேர்ந்து தொடங்கினால், அது மூலக்கூறுக்குச் சார்பான நல்ல சாட்சி.

யூரியாவும் நிக்கலும் சொந்தக்காரர் என்று பலரும் யூரியேசு என்ற நொதியத்தை இதற்குள் இழுத்து வருகிறார்கள், நீங்களும் கேள்வியில் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் கவனம் வேண்டிய இடம். ஜேம்ஸ் சம்னர் 1926 இல் வாளவரைக்கு நெருங்கிய இனமான ஒரு அவரை விதையிலிருந்து யூரியேசைப் பளிங்காக எடுத்தார், அதற்கு 1946 இல் நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. அந்த நொதியத்துக்குள் நிக்கல் இருக்கிறது என்பது தெரிய 1975 வரை ஆனது. இரண்டு நிக்கல் அயன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து யூரியாவைப் பிடிக்கும். ஆனால் யூரியேசு செய்வது நீர்ப்பகுப்பு. அமோனியாவும் காபனீரொட்சைட்டும் வரும், ஒரு இலத்திரனும் கைமாறாது. கவனிக்காமல் விட்ட மலசலகூடத்தில் மூக்கை அடைக்கிற அமோனியா மணம் பற்றீரியாக்களின் யூரியேசு செய்கிற வேலை. நீங்கள் மின்வாயில் செய்வது ஒட்சியேற்றம். "யூரியேசைப் பின்பற்றும் ஊக்கி" என்று எழுதினால் பரிசோதகர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். யூரியேசிடமிருந்து எடுக்கக்கூடியது இரட்டை நிக்கல் என்ற வடிவமைப்பு மட்டும்: ஒரு நிக்கல் யூரியாவின் ஒட்சிசனைப் பிடிக்க, மற்றது நைதரசன் பக்கத்தைப் பிடிக்கலாம். இரட்டை நிக்கல் சிக்கற்சேர்வைகளை இந்த எண்ணத்தோடு பலர் செய்து பார்க்கிறார்கள், எனக்கும் அந்த வழி பிடித்திருக்கிறது, காரத்தில் அவை நிலைக்கின்றனவா என்பதை மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

இனி உங்கள் பரிசோதனை. மனம் நோகாதீர்கள், நிக்கல் ஃபோமில் பூசியதுதான் பெரிய பிழை. நிக்கல் ஊக்கியை நிக்கல் மேலேயே பூசிவிட்டு, வருகிற மின்னோட்டம் பூச்சினுடையதா தளத்தினுடையதா என்று எப்படிப் பிரிப்பது? வெறும் நிக்கல் ஃபோமே யூரியாவை நன்றாக ஒட்சியேற்றும். பூசும்போது நீங்கள் அமிலத்தில் கழுவி, சூடாக்கி, காய வைக்கிறீர்கள், அதிலேயே மேற்பரப்பு கரடாகிப் பரப்பளவு கூடிவிடும். கண்ணாடிக் காபனிலோ காபன் தாளிலோ பூசி முழுத் தொடரையும் மறுபடி எடுங்கள். மின்னோட்டம் சிறிதாகும், பரவாயில்லை, வருகிறது உங்களுடையதாக இருக்கும்.

அடுத்தது இரும்பு. ஆய்வுகூடப் போத்தலில் இருக்கிற பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் மில்லியனில் ஒரு பங்கு அளவிலாவது இரும்பு இருக்கும், நிக்கல் ஐதரொட்சைட்டு அதைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு புகுந்த நிக்கல் படலம் ஒட்சிசன் தருவதில் சுத்த நிக்கலைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். 1987 இலேயே கொரிகன் என்ற ஆய்வாளர் இதைக் காட்டியிருந்தார், 2014 இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பொயெட்சரின் குழு, இரும்பை முழுக்க அகற்றினால் நிக்கல் ஒட்சிஐதரொட்சைட்டு உண்மையில் மிகச் சுமாரான ஒட்சிசன் ஊக்கிதான் என்று தெளிவாக நிறுவியது. அதுவரை நிக்கலின் பெயரில் எழுதப்பட்ட பெருமையில் ஒரு பகுதி இரும்புக்குச் சேர வேண்டியது. சுத்திகரிப்பு முறையும் கடினமில்லை: உயர்தர நிக்கல் உப்பிலிருந்து நிக்கல் ஐதரொட்சைட்டு வீழ்படிவு எடுத்து, அதை உங்கள் காரத்தில் போட்டுக் குலுக்கி, இரவு முழுக்க விட்டு, மையநீக்கி மேலே தெளிந்ததை எடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், காரம் கண்ணாடியையே அரித்து அதிலிருந்தும் இரும்பை எடுக்கும், பிளாஸ்ரிக் கலம் நல்லது. இன்னொன்று, மின்சுற்றை முடிக்கிற துணை மின்வாயாகப் பிளாட்டினக் கம்பி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கதோட்டு ஆய்வில் அது கரைந்து வந்து உங்கள் மின்வாயில் படிந்து, ஐதரசன் தருகிற பெருமையைத் தான் எடுத்துக்கொள்ளும். காபன் கோல் போடுங்கள். அழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கிற உசாத்துணை மின்வாய்க்கு வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டை விட்டுவிட்டு, காரத்துக்கு ஏற்ற இரச–இரசவொட்சைட்டு மின்வாயை எடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால், பிறகு உண்மையான விசாரணை. உங்கள் சிக்கற்சேர்வையில் இருக்கிற அதே மோல் அளவு நிக்கலைச் சாதாரண நிக்கல் நைத்திரேற்றாக எடுத்து, அதே முறையில் பூசி, அதே அளவீட்டைச் செய்யுங்கள். இரண்டு வரைபும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தால், உங்கள் இணையி எதையும் செய்யவில்லை என்று நேர்மையாக எழுதுங்கள். நான் மேலே சொன்ன கழுவிப் பார்க்கிற சோதனையைச் செய்யுங்கள், சிக்கற்சேர்வை கரைசலில் இருக்கும்போது அதைப்போல் எளிதும் கூர்மையும் உள்ள சோதனை வேறில்லை. மூலக்கூறு மின்வாயில் பூச்சாகவே இருந்தால் அது உதவாது, அப்போது ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பூச்சைக் கரைத்தெடுத்துப் புறவூதா–கட்புல நிறமாலை எடுத்து ஒப்பிடலாம், வசதி இருந்தால் எக்ஸ்.பி.எஸ். என்ற மேற்பரப்பு எக்ஸ் கதிர் அளவீட்டில் நைதரசனுக்கும் நிக்கலுக்கும் இடையிலான விகிதம் மாறியதா என்று பார்க்கலாம். நிறமாலை மாறவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம், அந்த நூற்றுக்கு இரண்டு உடைந்ததை நிறமாலை காட்டாது. ஒரே ஒரு சோதனை எதையும் நிறுவாது, நாலைந்து ஒரே பக்கம் சாய வேண்டும். உடைந்துபோனதாகத் தெரிந்தால் அது தோல்வியும் இல்லை. அப்போது உங்கள் சேர்வை ஒரு "முன்னூக்கி", அதாவது உண்மையான ஊக்கி பிறக்கிற மூலம். சில இணையிகளிலிருந்து பிறக்கிற படலம், வெறும் உப்பிலிருந்து பிறக்கிறதைவிட மெல்லியதாக, ஒழுங்கற்றதாக, கூடிய விளிம்புகளோடு வந்து நன்றாக வேலை செய்வதும் உண்டு. ஏன் அப்படி என்று ஆராய்ந்தால் அதுவே நல்ல ஆய்வு.

வாயுவையும் அளக்க வேண்டும், மின்னோட்டம் மட்டும் போதாது. 10 மில்லி அம்பியரை ஒரு மணித்தியாலம் ஓட்டினால் 36 கூலோம். அது எல்லாம் ஐதரசனாகப் போனால் எங்கள் ஊர் வெப்பநிலையில் ஏறத்தாழ 4.6 மில்லிலீற்றர் வாயு வரும். தலைகீழாகக் கவிழ்த்த அளவியில் பிடித்தாலே போதும், பெரிய கருவி தேவையில்லை. அனோட்டுப் பக்கம்தான் கவலை. பாடநூல் சமன்பாடு யூரியா முழுக்க நைதரசன் வாயுவாகப் போவதாகச் சொல்கிறது. விளைபொருட்களை உண்மையிலேயே அளந்தவர்கள் கண்டது வேறு: நிக்கலில் யூரியா நைத்திரைற்றாகவும் சயனேற்றாகவும் போகிறது, சில நிலைமைகளில் நைதரசன் வாயுவைவிட நைத்திரைற்றே கூட. எந்த அழுத்தத்தில், எந்தச் செறிவில் எவ்வளவு என்பது ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது, ஆகவே மற்றவரின் எண்ணை எடுக்காமல் நீங்களே அளக்க வேண்டும். நைத்திரைற்றுக்குக் கிரீஸ் சோதனை போதும், சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு வந்தால் இருக்கிறது, நிறமானியில் வைத்தால் எவ்வளவு என்றும் வந்துவிடும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் இருக்கிற மண் அப்படி. குடாநாட்டுக்கு ஆறில்லை, கீழே சுண்ணாம்புக்கல், மேலே பெய்கிற மழையும் நாங்கள் மண்ணுக்குள் விடுகிறதும் வெடிப்பும் பொந்துமாக இருக்கிற அந்தக் கல்லுக்குள்ளால் நேரே கிணற்றுக்குப் போகும். தோட்டத்துக்குப் போட்ட பசளையும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து, எங்கள் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி இருப்பதைப் பல ஆய்வுகள் பதிந்திருக்கின்றன. நைத்திரைற்றுக்கு அந்த எல்லை இன்னும் கடுமை, வெறும் 3 மில்லிகிராம், ஏனென்றால் கைக்குழந்தையின் குருதியில் ஒட்சிசனைக் காவுகிற வேலையை நேரடியாகக் கெடுப்பது நைத்திரைற்றுத்தான். யூரியாவை "சுத்திகரிக்கிறோம்" என்று சொல்லி அதை நைத்திரைற்றாக்கி ஊற்றினால், நாங்கள் இருந்ததைவிட மோசமான ஒன்றைக் கிணற்றுக்கு அனுப்புகிறோம். எங்கள் ஊரிலிருந்து இதை ஆராய்கிற ஒருவர் முதலில் அளக்க வேண்டியது, மிகையழுத்தத்துக்கும் முன்னால், இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, எரிபொருள் கேள்வி. ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெளியேற்றுகிற யூரியாவை 20 கிராம் என்று வையுங்கள். 60 கிராம் யூரியா முழுக்கப் போனால் 6 கிராம் ஐதரசன், ஆக 20 கிராமுக்கு 2 கிராம். அந்த 2 கிராமை எரித்தால் வருவது 67 வாற்று மணி, ஒரு 10 வாற்று எல்.ஈ.டி. பல்ப் ஏழு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய எரியும், அதுவும் முழுச் சக்தியையும் மின்னாக்க முடிந்தால். அதை எடுக்க 1.5 வோல்றில் நீங்கள் கொடுக்கிற மின் 80 வாற்று மணி. ஆகவே சிறுநீர் மின் தருகிற எரிபொருள் இல்லை. தண்ணீரைப் பிளக்கிறதைவிடக் கொஞ்சம் மலிவாக ஐதரசன் தருகிற மூலப்பொருள், அவ்வளவுதான். எவ்வளவு மலிவு என்றால், ஒரு கிலோ ஐதரசனுக்கு அழுத்தத்தில் 0.1 வோல்ற் குறைகிற ஒவ்வொரு முறையும் 2.66 கிலோவாற்று மணி மிச்சம். 0.2 வோல்ற் குறைந்தால் 5 கிலோவாற்று மணிக்கு மேல், இது அற்பமான தொகை இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு: உப்புக் கலந்த தண்ணீரில் ஒட்சிசன் எடுக்கப் போனால் குளோரைட்டும் சேர்ந்து ஒட்சியேறுகிற பயம் இருக்கும், கடும் காரத்தில் அது 1.72 வோல்ற் அளவில்தான் சாத்தியம், யூரியா அதற்கு வெகு கீழேயே வேலையை முடித்துவிடும். கடலேரியும் உவர்க்கிணறும் சூழ்ந்த எங்களுக்கு இது கவனிக்கத்தக்கது.

ஆனால் விளம்பரக் கட்டுரைகள் சொல்லாத ஒரு செலவு இருக்கிறது. காரத்தில் வருகிற காபனீரொட்சைட்டு வாயுவாகப் போகாது, காபனேற்றாகக் கரைசலிலேயே தங்கிவிடும், ஒரு யூரியாவுக்கு இரண்டு ஐதரொட்சைட்டு செலவு. கணக்குப் போட்டால் அந்த 2 கிராம் ஐதரசனுக்கு 37 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு காபனேற்றாகிவிடுகிறது. காரத்தைத் திருப்பி எடுக்கிற வழி இல்லாமல் இது பொருளாதாரமாக நிற்காது. சிறுநீரைச் சேர்த்து வைப்பதும் லேசில்லை, எங்கள் வெக்கையில் ஓரிரு நாளிலேயே பற்றீரியா யூரியாவை அமோனியாவாக்கத் தொடங்கிவிடும், உங்கள் ஊக்கிக்கு யூரியா மிஞ்சாது. புதிதாக இருக்கும்போதே காரம் சேர்த்துப் பி.எச்சை உயர்த்தினால் அதைத் தடுக்கலாம்.

கடையில் வாங்குகிற யூரியாவை இதற்குப் போடுகிற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் இரண்டு அமோனியா சேர்ந்து ஒரு யூரியா, அந்த இரண்டு அமோனியாவுக்குச் செலவானது மூன்று ஐதரசன் மூலக்கூறு, நீங்கள் மின்பகுத்துத் திருப்பி எடுப்பதும் சரியாக அதே மூன்று. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது ஒரு பை யூரியாவுக்கு எங்கள் தோட்டக்காரர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள், வெங்காயத்துக்குப் போக வேண்டியதை மின்வாய்க்கு ஊற்றுவதில் அர்த்தமே இல்லை. கழிவாகப் போகிற யூரியா மட்டும்தான் இந்த வேலைக்கு உரியது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் செய்முறையில் நிக்கல் பேர்க்குளோரேற்று உப்பு என்று கண்டேன். சேதன இணையியோடு சேர்ந்த பேர்க்குளோரேற்றுகள் காயவைக்கும்போதோ சுரண்டும்போதோ வெடிக்கக்கூடியவை. சின்ன அளவில் மட்டும் எடுங்கள், உலோகக் கரண்டியால் சுரண்டாதீர்கள், முடிந்தால் நைத்திரேற்றுக்கோ அசற்றேற்றுக்கோ மாறிவிடுங்கள். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்குபவை, தோலிலும் ஒவ்வாமை தரும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம், பாவித்த கரைசலைச் சிங்கில் ஊற்றவும் வேண்டாம். அதுவும் கடைசியில் போவது அதே சுண்ணாம்புக்கல்லுக்குள்தான்.

அறிக்கை கொடுக்க ஆறு வாரம் இருக்கிறது என்றீர்கள், காபன் தாளில் பூச்சு, சுத்தமான காரம், நைத்திரேற்று உப்போடு ஒப்பீடு, சிக்கற்சேர்வையைக் கரைசலில் விட்டு ஓட்டிக் கழுவிப் பார்ப்பது, கிரீஸ் சோதனை, இந்த ஐந்துக்கும் அது தாராளம். முதல் இரண்டையும் முடித்ததும் யூரியா உள்ளதும் இல்லாததுமான இரண்டு சி.வி. வரைபையும் ஒரே அச்சில் வரைந்து இங்கே போடுங்கள். அழுத்தத்தை மீள் ஐதரசன் மின்வாய்க்கு மாற்றி, கரைசல் தடையைத் திருத்தியதா இல்லையா என்றும் எழுதிவிடுங்கள். 1.35 இற்குக் கிட்ட அந்த உச்சி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.